சிரிக்காமல் எழுந்தவன்

படத்தை நிறுத்த வேண்டாம், ஓடட்டும் சார். பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியை எட்டிப் பார்ப்பது நாகரிகமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அதில் நம் முகமே ஓடினால் என்ன செய்வது? ஆமாம், அந்த மூத்தவன் நான்தான். மீசையில்லாததால் உங்களுக்குப் பிடிபடவில்லை. படத்தில் இருப்பதும் என் மீசை இல்லை. பசை போட்டு ஒட்டியது. வெயிலில் ஒரு பக்கம் பெயர்ந்துகொள்ளும். சுவர் ஏறுவதற்கு முன்னால் நான் மேலுதட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஆழ்ந்த நடிப்பு என்று ஒருவர் விமர்சனம் எழுதியிருக்கிறார்.

கூட வருகிறானே இளையவன், அவன் என் சொந்தத் தம்பி. திருமலைசாமி. என் பெயர் மயில்சாமி. அவனைப் பார்க்கத்தான் உடுமலையிலிருந்து ஏறினேன். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். நாளைக் காலையில் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன். அதற்குள் நான் போய் அவனைச் சிரிக்க வைக்க வேண்டும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களையல்ல சார், அவனை.

பொள்ளாச்சி இன்னும் வரவில்லை, நேரம் இருக்கிறது. முதலிலிருந்து சொல்கிறேன். உங்களுக்குக் கதையின் முடிவு தெரிந்துவிடும், அது ஒன்றுதான் நஷ்டம். ஆனால் கொள்ளை தோற்றுப்போகும் என்பது சுவரொட்டியிலேயே தெரிந்ததுதானே.

டைரக்டர் இன்பசேகர் எங்கள் டுடோரியலில் என்னிடம் வரலாறு படித்தவன். படித்தான் என்பது மரியாதைக்குச் சொல்வது. சென்னைக்குப் போய்ச் சில படங்களில் உதவியாளனாக இருந்துவிட்டு, சொந்தமாக ஒன்று எடுக்கிறேன் என்று ஊருக்கு வந்தான். சுயாதீனத் திரைப்படம் என்றான். எதற்கும் கட்டுப்படாதது என்று பொருள். ஜெனரேட்டர்காரருக்குக் கட்டுப்பட்டது, சாப்பாடு சமைத்த அம்மாவுக்குக் கட்டுப்பட்டது, மழைக்கும் எறும்புக்கும் கட்டுப்பட்டது. மற்றபடி சுயாதீனம்தான்.

கதையைத் திருத்தித் தரச் சொல்லித்தான் என்னிடம் வந்தான். அண்ணன் தம்பி இரண்டு பேர் கூட்டுறவுச் சங்கத்தில் அடகுக்கு வைத்த நகைகளைக் கொள்ளையடிக்கப் போகிறார்கள். அறுபத்து நான்கு கலைகளில் களவும் ஒன்று என்று அவனுக்கு எடுத்துச் சொன்னேன். சில பட்டியல்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. அது தனி விவாதம். எந்தப் பட்டியலிலும் தப்பி ஓடுவதைக் கலையாகச் சேர்க்கவில்லை, அதனால்தான் இவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்றேன். எழுதிக்கொண்டான். படத்தில் எல்லாரும் சிரிக்கிற இடம் ஒன்று வரும். சங்கச் செயலாளர் அக்காள் மகள் காதுகுத்துக்கு வெளியூர் போகிற நாளாகப் பார்த்து இவர்கள் உள்ளே நுழைகிறார்கள். ஆள் வெளியூர் போனால் அவர் இடுப்பிலிருக்கிற பெட்டகச் சாவியும் வெளியூர் போகும் என்பது இருவருக்கும் தோன்றவில்லை. அது என் கைங்கரியம்.

சாவி இல்லாத ஆத்திரத்தில் மேஜை மேலிருந்த ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். காவல்காரர் சுடுகிறார். தம்பிக்கு வயிற்றில் குண்டு. பாழடைந்த பஞ்சுக் குடோன் ஒன்றில் ஒளிகிறார்கள். தம்பி செத்துப் போகிறான். அண்ணன் அவனை விட்டுவிட்டுப் பையோடு கிளம்புகிறான். பையைத் திறந்தால் நகை மதிப்பீட்டாளரின் தராசும் எடைக்கற்களும். அவ்வளவுதான் கதை.

சென்னையிலிருந்து வர வேண்டிய நடிகர்கள் வரவில்லை. இன்பசேகர் எங்கள் வீட்டு வாசலில் நின்று என்னையும் திருமலையையும் மாறி மாறிப் பார்த்தான். நான் உடனே ஒப்புக்கொண்டேன். திருமலை கடையைக் காரணம் காட்டினான். எங்களுக்கு மோட்டார் பம்ப்செட் ரிப்பேர்க் கடை. அப்பா ஆரம்பித்தது. அப்பாவுக்குப் பிறகு மூத்தவன் என்ற முறையில் நான்தான் உட்கார்ந்தேன். என் காலத்தில் ஒரு வாடிக்கையாளர்கூட என்னிடம் சண்டை போட்டதில்லை, வந்தால்தானே போடுவதற்கு. பிறகு பெருந்தன்மையாகத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நான் டுடோரியலுக்குப் போனேன். என் வாழ்க்கையில் நான் விட்டுக்கொடுத்தவை நிறைய, அதை அவன் முன்னால் நான் சொல்லிக்காட்டியதில்லை. கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. அவன் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருக்கிறேன். அந்த வீட்டுக்கு ஒரு பெரியவர் வேண்டாமா?

கடைசியில் திருமலை ஒத்துக்கொண்டான். "அண்ணனுக்கு ஆசையா இருக்குதுங்க. தனியா உட்டா எங்கியாவது உழுந்து கால ஒடிச்சுக்கும்" என்று இன்பசேகரிடம் சொன்னானாம். அவன் பேச்சு அப்படித்தான். யாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதே தெரியாமல் பேசுவான்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி விளங்காது. சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் பிணமாக நடித்தால், காட்சி முடிந்ததும் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. படுத்த இடத்திலேயே கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தச் சிரிப்பையும் படம் பிடிப்பார்கள். படத்தில் வராது. செத்தது பொய், ஆள் உயிரோடுதான் இருக்கிறார் என்று கேமராவுக்குத் தெரியப்படுத்துகிறார்களாம். யாரும் இதில் விளையாடுவதில்லை. இந்தப் படத்தில் மற்ற எல்லாவற்றிலும் சிக்கனம் பிடித்த இன்பசேகர், அந்தச் சிரிப்புக்கென்று தனியாக பேட்டரி எடுத்து வைத்திருந்தான்.

அந்தக் காட்சியைக் குடோனில் எடுத்தோம். கூரை ஓடு பெயர்ந்த வழியாக வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்துகொண்டிருந்தது. ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்திருந்தார்கள். சர்க்கரை என்றால் எறும்பு வராமல் இருக்குமா? திருமலை மல்லாந்து படுத்திருக்கிறான், அவன் வயிற்றில் எறும்பு ஏறுகிறது. அசையவில்லை. பம்ப்செட் மெக்கானிக், பிணமாக நடிப்பதற்கு வேண்டிய பொறுமை அவனுக்குத் தொழிலிலேயே உண்டு.

எனக்கு எழுதியிருந்த வசனம் ஒரே வரி. "மன்னிச்சுக்க தம்பி." இவ்வளவுதான். எழுந்து போய்விட வேண்டும். நான் இன்பசேகரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன், செத்தவனிடம் யாரும் இவ்வளவு சிக்கனமாகப் பேசியதில்லை, நம் இலக்கியத்தில் இரங்கல் என்று ஒரு துறையே இருக்கிறது, பக்கம் பக்கமாகப் புலம்புவார்கள் என்று. அவன் நேரம் போகிற பதற்றத்தில், வர்றதப் பேசுங்க சார் என்று சொல்லிவிட்டான்.

இதோ, அந்த இடம் வந்துவிட்டது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

கேளுங்கள். "எந்திரிக்காத. இப்பவாச்சும் நான் பேசறதக் கேளு. அப்பா சாகறப்ப உன்னத்தாண்டா கேட்டாரு. திருமல வந்துட்டானா, திருமல வந்துட்டானான்னு. நீ மூலனூர்ல கபடி ஆடிட்டிருந்த. அவருக்குக் கண்ணு தெரியல. நாந்தான் கையப் புடிச்சு, வந்துட்டனுங்கப்பான்னு சொன்னேன். உன்ற கொரல்ல சொன்னேன். சிரிச்சாருடா. அண்ணனப் பாத்துக்க சாமி, அவம் படிச்சவன், ஒண்ணுந் தெரியாதுன்னாரு. என்னையப் பாத்துக்கச் சொல்லி என்ற கையவே புடிச்சுக்கிட்டு... அதோட போயிட்டாரு. கடசி வார்த்த உனக்கு. கேட்டது நானு."

போதும். நிறுத்திக்கொள்ளுங்கள்.

எப்படி? ஒளிப்பதிவாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாப்பாட்டம்மா கரண்டியோடு வாசலில் நின்றுவிட்டார். நிஜமா என்று கேட்கிறீர்கள். நிஜம்தான். எல்லா நடிகரும் நிஜத்திலிருந்து கொஞ்சம் எடுத்துத்தான் ஆக வேண்டும். இல்லையென்றால் உயிர் இருக்காது. வீட்டில் அப்பா ஒன்றும் பேசாமல் போய்விட்டார் என்றுதான் அன்றைக்கே சொல்லியிருந்தேன். சின்னப் பையன், கபடி ஆடிவிட்டு முழங்காலில் மண்ணோடு வந்து நிற்கிறான், அவனிடம் போய், உன்னைத்தான் கேட்டார் என்று சொன்னால் தாங்குவானா? அவன் நன்மைக்காகத்தான் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு, அதைச் சொல்ல ஏற்ற சந்தர்ப்பம் வரவில்லை. அப்பா சொன்னதும் என்னைப் பற்றி அவ்வளவு சரியான மதிப்பீடு இல்லை பாருங்கள். ஒன்றும் தெரியாது என்றாரே. எனக்கா?

சரி, அதை விடுங்கள். சிக்கல் என்னவென்றால் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாகிவிட்டது. என்னால் இல்லை. நான் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொன்னேன், ஒரு சொல் பிசகவில்லை. பிணம் அழுதது.

ஆமாம் சார், அழுதது. முதல் தடவை நான் பேசி முடித்ததும் இன்பசேகர் கட் சொல்லிவிட்டு அருகில் வந்து பார்த்தான். திருமலையின் இடது கண்ணிலிருந்து காதுக்கு ஒரு கோடு இறங்கியிருந்தது. எறும்பு கடித்திருக்கும் என்றேன் நான். துடைத்துவிட்டு மறுபடி எடுத்தோம். மறுபடியும் அதே இடத்தில், வந்துட்டனுங்கப்பா என்று நான் சொல்கிற இடத்தில், கண் ஊறுகிறது. மூச்சை அடக்கத் தெரிந்தவனுக்குக் கண்ணை அடக்கத் தெரியவில்லை. நான் குனிந்து, "டேய், நீ செத்துட்டடா, செத்தவனுக்குக் காது கேக்காது" என்று சொல்லிக் கொடுத்தேன். மறுபடி எடுத்தோம். மறுபடி அழுதான். வெயில் கீற்று சுவரில் ஏறிப் போய்விட்டது. கடைசியில் வெளிச்சம் போதாமல் இன்பசேகர் விட்டுவிட்டான். உங்கள் கையில் இருப்பதும் அழுகிற பிணம்தான். கொஞ்சம் பின்னால் நகர்த்திப் பாருங்கள், இடது கண். இந்தப் பிழையை வெட்டிவிடச் சொல்லி இன்பசேகரிடம் எவ்வளவோ வாதாடினேன். படத்துல அது ஒண்ணுதான் சார் சரியா வந்திருக்கு என்றான். டுடோரியலிலேயே அவன் அப்படித்தான், கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் எழுதுவான்.

அப்புறம் அந்தச் சிரிப்பு. "திருமலண்ணா, கேமராவப் பாத்து ஒரு சிரிப்பு, முடிஞ்சுது" என்றான் இன்பசேகர். திருமலை கண்ணைத் திறந்தான். கூரையைப் பார்த்தபடியே கிடந்தான். நான் இந்த நேரத்தில் ஒன்றைச் செய்தேன். இப்படிப்பட்ட நம்பிக்கைகளை மௌனமாக ஏற்றுக்கொள்வது படித்தவனுக்கு அழகல்ல. கேமரா ஓர் இயந்திரம், அதற்கு நல்ல சகுனமும் தெரியாது கெட்ட சகுனமும் தெரியாது, நாடகத்தில் பிணமாகப் படுத்தவர்கள் எந்தக் காலத்திலும் இப்படி இளித்ததாகக் குறிப்பில்லை என்று எல்லாருக்கும் விளக்கினேன். சற்று விரிவாகவே விளக்கினேன். ஒளிப்பதிவாளர் கேமராவிலிருந்து கையெடுக்காமல் காத்துக்கொண்டிருந்தார். இன்பசேகர் குந்தி உட்கார்ந்து, அண்ணா, சும்மா உதட்ட விரிச்சாப் போதும் என்று கெஞ்சினான்.

"எந்திரிக்கறேன்" என்றான் திருமலை. எழுந்தான். வயிற்றில் பாகும் எறும்புமாகக் குடோனுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டான். சிரிக்கவில்லை. ஒளிப்பதிவாளர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் பகுத்தறிவு தம்பியைத் தொட்டுவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இவ்வளவு காலம் சொல்லி ஏறாதது, அன்றைக்கு ஏறியதே என்று.

பைக்கில் அவன் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல், முன்னால் பார்த்தபடியே கேட்டான்.

"அப்பா வேற என்ன சொன்னாருண்ணா?"

அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? எல்லாவற்றையும்தான் சொல்லிவிட்டேனே, அதுவும் அத்தனை தடவை. தவிர, எனக்கு அசதி. அதோடு ஒரு நடிகன் தன் வித்தையைப் பிரித்துக் காட்டக் கூடாது. "அது டயலாக்குடா. நானாச் சேத்துக்கிட்டது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்களிடம் அண்ணன் தம்பி யாராவது வாசலில் வைத்து இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அதற்குப் பிறகு அவன் என்னிடம் பேசவில்லை. சண்டை இல்லை. சாப்பாடு எப்போதும்போல மாடிக்கு வந்தது. எனக்குக் காரம் ஆகாது, என் சட்னியில் மிளகாய் குறைவாகத்தான் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் காம்பு உடைந்ததை யாரிடமும் சொல்லவில்லை, மறுநாள் மேஜைமேல் புதுக் காம்போடு இருந்தது. கோபக்காரன் இதெல்லாம் செய்வானா? ஆகவே கோபமில்லை என்று முடிவுக்கு வந்தேன். ஆனால் பேச்சில்லை. கீழே கடையில் எப்போதும் ஒரு சிரிப்புச் சத்தம் இருக்கும். விவசாயிகள் மோட்டாரைக் கொண்டுவந்து போட்டுவிட்டு அவனோடு வம்பளந்து சிரிப்பார்கள். என்னால் படிக்க முடியாது, கதவைச் சாத்திக்கொள்வேன். இப்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் கடையில் மோட்டாரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கோயமுத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அவனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த இன்பசேகர் தம்பி பெண்டாட்டி கோகிலவாணியிடம் அந்தச் சிரிப்பு விஷயத்தை உளறிவிட்டான். அவள் எனக்கு போன் செய்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து, அதற்கான பதிலையெல்லாம் வரிசையாகத் தயார் செய்துவிட்டுத்தான் எடுத்தேன். அவள் திட்டவில்லை.

"மாமா, நீங்க நம்பாட்டிப் போவுது. அவரு சிரிக்காம எந்திரிச்சிருக்கறாரு. நாளைக்கழிச்சு மறுக்காவும் அதே மாதிரி மல்லாக்கப் படுக்கப் போறாரு. நீங்க வந்து ஒருக்கா சிரிக்க வெச்சுப் போட்டுருங்க. செல்போன்லயே புடிச்சாப் போதும்னு டைரக்டரு சொல்றாரு."

நான் வாதாடியிருக்கலாம். டாக்டர்கள் இருக்கிறார்கள், மருந்து இருக்கிறது, கேமராவுக்கும் இருதயத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். நம்பாத விஷயம் ஒன்று பலித்துத் தொலைத்தால் யாரிடம் போய் வாதாடுவது? அவன் அந்த மேஜையிலிருந்து எழுந்திருக்காமல் போனால், சொல்லுங்கள் சார், அந்த வீட்டு மாடியில் நான் எதற்கு? யார் வீட்டுப் பெரியவன் நான்?

நேற்று முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். எதைச் சொன்னால் சிரிப்பான் என்று. எனக்குத் தெரிந்த நகைச்சுவை எல்லாவற்றுக்கும் அடிக்குறிப்பு வேண்டும். அவன் எதற்கு அப்படிச் சிரிப்பான் என்று ஞாபகப்படுத்திப் பார்த்தால், சத்தம்தான் ஞாபகம் வருகிறது, காரணம் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "உங்க தம்பி சிரிக்கறதுக்குக் காரணம் வேணுங்களா? பாதி உங்களப் பத்தித்தானுங்க சிரிப்போம். ஆனா வேற ஆரும் உங்களச் சொல்ல உடமாட்டாரு, அவரு மட்டுந்தான் சொல்லோணும்" என்றார். அதைக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

இன்று காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் கோகிலா மறுபடியும் கூப்பிட்டாள். திருமலை சம்மதித்துவிட்டானாம். சிரிக்கிறேன் என்று சொல்லிவிட்டான். எனக்கு அப்படியே பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட வேண்டும்போல் இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. அதை அவள் சொல்லவில்லை, போனை அவனிடமே கொடுத்துவிட்டாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு அவன் குரல். மெலிந்துபோயிருந்தது.

"அண்ணா, நீ வந்து படுத்துக்கோணும். கண்ண மூடீட்டு. நான் பேசறேன். நடுவுல நீ ஒண்ணும் பேசக் கூடாது. செத்தவனுக்குக் காது கேக்காதுன்னு சொன்னீல்ல, அப்பிடியே கெடக்கோணும். நான் பேசி முடிச்சப்பறம் சிரிக்கறேன்."

எங்கே படுப்பது என்று கேட்டேன். ஆஸ்பத்திரி அறையில் கூட இருப்பவர்களுக்கு ஒரு குறுகலான கட்டில் போட்டிருக்கிறார்களாம், அதில். வேட்டி கசங்குமே என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவன் போனை வைத்துவிட்டான்.

படுப்பதில் எனக்குச் சிரமம் ஒன்றும் இல்லை. பேசாமல் இருப்பதுதான். நான் நடுவில் திருத்தாமல் ஒருவர் பேசி முடித்து நான் கேட்டதே இல்லை என்று டுடோரியலில் கேலி செய்வார்கள். அவன் என்ன பேசுவான் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா? கணக்குக் கேட்கிற ஆள் இல்லை அவன். திட்டவும் மாட்டான். அவன் திட்டினால்கூடப் பரவாயில்லை, படுத்துக்கொண்டே கேட்டுவிடலாம். அவன்பாட்டுக்கு அப்பாவைப் பற்றி ஆரம்பித்துவிட்டால்? அண்ணனைப் பார்த்துக்கொண்டேன் அப்பா என்று, என்னை விட்டுவிட்டு அவரிடம் பேசிவிட்டால்? இவ்வளவு வருஷம் அது அவனுக்குச் சொல்லப்படவே இல்லை, சார். சொல்லாமலேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

இல்லை, ஒன்றுமில்லை. தண்ணீர் வேண்டாம்.

உக்கடம் வந்துவிட்டதா? அதற்குள் கோயமுத்தூரா? என் பேச்சில் உங்கள் படமும் போச்சு. ஓர் உதவி செய்யுங்கள். நான் ஒரு நடிகன், ஒத்திகை இல்லாமல் போய்ப் படுக்கக் கூடாது. இதோ தலையைச் சாய்த்துக்கொள்கிறேன். கண்ணை மூடிக்கொள்கிறேன். நீங்கள் எதுவும் பெரிதாகப் பேச வேண்டாம். அண்ணா என்று ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள். என் முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

இருங்கள் சார். இன்னும் கூப்பிடாதீர்கள்.